கட்டத்துக்குள் சிக்கிய மோட்டார்

விவசாய மோட்டாரைச் செல்போனிலிருந்து ஓட்டவும் நிறுத்தவும் ஆப் எழுதுவது என் தொழில். அதில் கடினமான பகுதி மோட்டார் இல்லை, மோட்டாரின் படம்.

நாட்டில் பரவலாக வேரூன்றிவிட்ட ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே திருத்திவிட்டு மேலே செல்வது என் கடமை. செல்போனில் நீங்கள் அனுப்புகிற சிரித்த முகம், கும்பிட்ட கை, பூங்கொத்து எல்லாம் படங்கள் என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அவை எழுத்துகள். 'அ' எப்படி ஓர் எழுத்தோ, கும்பிட்ட கையும் அப்படியே ஓர் எழுத்து. உங்கள் போனிலிருந்து கிளம்பிப் போவது கை அல்ல, அந்தக் கைக்கென்று உலகம் ஒப்புக்கொண்டு கொடுத்திருக்கும் ஓர் எண். அந்த எண்ணை வாங்கிக்கொள்ளும் போன், தன்னிடம் இருக்கும் எழுத்துருவைப் புரட்டி, தனக்குப் பழக்கமான ஒரு கையை வரைந்து காட்டுகிறது. புரட்டியும் கிடைக்கவில்லை என்றால் ஒரு காலிக் கட்டத்தைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.

பிறந்தநாள் வாழ்த்தில் கட்டம் வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மோட்டாருக்குப் பதிலாகக் கட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதை, போன் திரையில் கட்டம் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் பழகிய உங்களிடம்தான் சொல்லிக்கொள்ள முடியும்.

முதல் கட்டம்

எங்கள் கடை திண்டிவனத்தில். கீழே சம்பத் மொபைல் ஸ்டார்ட்டர் செய்கிறார். மோட்டார் கொட்டாயில் மாட்டுகிற ஒரு பெட்டி அது. உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். மாடியில் உட்கார்ந்து அந்தப் பெட்டியோடு பேசும் ஆப்பை நான் எழுதுகிறேன். ஆப் மூன்று சங்கதிகளைச் சொன்னால் போதும். த்ரீபேஸ் கரண்ட் வரவில்லை என்பது ஒன்று, கரண்ட் வந்தும் மோட்டார் நிற்கிறது என்பது இன்னொன்று, மோட்டார் ஓடுகிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று குறிகளை, நான் சொன்ன அந்த எண்களின் உலகப் பட்டியலில் இருந்தே பொறுக்கி எடுத்தேன். சமீபத்தில் சேர்த்த அழகான குறிகளாகப் பார்த்து எடுத்ததுதான் வினை.

செல்வி எங்கள் வாடிக்கையாளர். விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். நிலம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். கணவர் இறந்தபின், நிலத்தைத் தன்னிடம் குத்தகைக்கு விடச் சொல்லி அடுத்த வயல்காரரான கொழுந்தனார் ஏழுமலை கேட்டுக்கொண்டிருந்தார். செல்வி சொந்தமாகப் பயிர் வைப்பேன் என்றார். குடும்பத்தார் கூடிப் பேசி, இந்த ஒரு போகம் செல்வி பார்க்கட்டும், முடியவில்லை என்றால் ஏழுமலைக்கு என்று முடிவாகியிருந்தது. ஏரோட்டவும் களையெடுக்கவும் ஆள் உண்டு. மோட்டார் மட்டும் விழுப்புரத்திலிருந்து, எங்கள் ஆப்பை நம்பி.

செல்வியின் போன் கொஞ்சம் பழையது. என் புதிய அழகுகள் அதில் இல்லை. கரண்ட் வந்ததற்கும் மோட்டார் ஓடுவதற்கும் ஒரே மாதிரிக் கட்டம் விழுந்தது. மோட்டார் நிற்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது ஓடி, நாற்றங்காலை நிரப்பி, வரப்பைத் தாண்டி, ஏழுமலை பிடுங்கிக் காயப்போட்டிருந்த மல்லாட்டைக்குள், அதாவது நிலக்கடலைக்குள், தண்ணீர் புகுந்துவிட்டது. "அண்ணி, பொடவ மடிக்கிற எடத்துல இருந்துகினு பயிர் வைக்க முடியாது" என்று ஏழுமலை போனில் சொன்னாராம். கத்தியிருந்தால் தேவலை, பொறுமையாகச் சொன்னார் என்பதுதான் செல்விக்குத் தாங்கவில்லை. அடுத்த போன் எனக்கு வந்தது.

"சார், கரண்ட்டு வந்தாலும் கட்டம், மோட்டார் ஓடினாலும் கட்டம். கட்டம் பாத்துப் பலன் சொல்றதுக்கு நான் இன்னா ஜோசியக்காரியா?"

மேல்மலையனூர்க் கூட்டணி

புதிய குறிகளை விட்டுவிட்டு, எல்லாப் போனிலும் இருக்கிற பழைய குறிகளுக்குப் போனேன். ஓட்டும் நேரத்தையும் பயிரையும்கூடக் காட்டலாம் என்று சேர்த்துக்கொண்டேன். காலை நேரத்துக்கு உதிக்கும் சூரியன். பயிருக்கு ஒரு முளை. நிறுத்துவதற்கு உயர்த்திய கை. மேல்மலையனூரில் பம்பு சாமான் விற்கும் தணிகாசலம் எங்கள் ஸ்டார்ட்டரையும் விற்கிறார். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் வரும், வருகிறவர்களின் போனிலேயே ஏற்றிக் காட்டலாம் என்று அவர் கூப்பிட்டதால் போனேன்.

ஏற்றினோம். ஒரே எண்ணை ஒவ்வொரு கம்பெனி போனும் தன் இஷ்டப்படி வரைந்தது. ஒன்றில் சூரியன் இரண்டு மலைக்கு நடுவே கதிர் வீசிக்கொண்டு வந்தான். இன்னொன்றில் முளை, கச்சிதமாக இரண்டே இலையோடு நின்றது. மூன்றாவதில் கை, விரல்களைச் சேர்த்து வாக்கு கேட்பதுபோலவே இருந்தது. அம்மனைப் பார்த்துவிட்டு நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்த ஒரு பெரியவர் தன் போனையும் அடுத்தவர் போனையும் மாறி மாறிப் பார்த்தார். இதை யார் கொடுத்தனுப்பினது என்று என்னைக் கேட்டார். உலகப் பட்டியல், எண், எழுத்துரு என்று நான் விளக்க ஆரம்பித்ததும் அவருடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது. அடுத்தவரோ தன் போனில் இருப்பதுதான் அசல் என்றார். பேச்சு மோட்டாரை விட்டுப் போன தேர்தலுக்குப் போய்விட்டது. தணிகாசலம் இரண்டு பேருக்கும் டீ சொல்லி அனுப்பிவைத்தபின் என் பக்கம் திரும்பினார்.

"காலைக்கு ஒரு கட்சி, பயிருக்கு ஒரு கட்சி, நிறுத்தறதுக்கு ஒரு கட்சி. கூட்டணி பலமாத்தான் சார் இருக்கு, மோட்டார்தான் எங்கன்னு தெரியல."

கட்டுச்சோறு

திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். இனி யார் வீட்டு எழுத்தையும் நம்பிப் போவதில்லை. குறிகளை நானே வரைந்து, அவற்றைக் கொண்டு ஒரு சொந்த எழுத்துரு செய்து, ஆப்போடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிடுவது. போனில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்ற கவலையே கிடையாது. போகிற இடத்தில் சாப்பாடு கிடைக்குமா என்று பார்க்காமல் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போவதுபோல. எழுத்துகளின் உலகப் பட்டியலில் இதற்கென்றே சில எண்களைப் புறம்போக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அங்கே குடிசை போட்டுக்கொள்ளலாம். பட்டா மட்டும் கிடையாது. பட்டா கிடையாது என்பதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது நான் யோசித்திருக்க வேண்டும்.

நாற்று நடவுக்கு வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதலில் முளைக்கு மூன்று இலை வைத்தேன். சூரியனை உச்சிக்கு ஏற்றிவிட்டேன். கையை எடுத்துவிட்டு ஒரு சதுரம் போட்டேன். நடுநிலைமை நிலைநாட்டப்பட்டபின், கவனமாக ஒரு மோட்டார் வரைந்தேன். உருண்ட உடம்பு, கீழே பீடம், மேலே ஒரு குழாய். சம்பத் சின்ன வயதிலிருந்து மோட்டாருக்குச் செம்புக்கம்பி காயில் கட்டியவர். திரையை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான்யா வரைஞ்சிருக்க. ஆனா இது தண்ணி எறைக்கற மோட்டார் இல்ல, இட்லிக்கு மாவரைக்கறது."

பழைய போன்களின் சந்நிதியில்

மாவரைக்கும் தோற்றம் போகும்வரை வரைந்தபின் சோதனை தொடங்கியது. ஆப் எழுதுகிறவர்கள் பொதுவாகக் கணினிக்குள் பொய்ப் போன்களை வைத்துச் சோதிப்பார்கள். பொய்ப் போன் பொய்தான் சொல்லும் என்பது என் கொள்கை. திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய போன் வாங்கி விற்கும் பாஷா பாய் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் உலகத்தில் உள்ள எல்லாக் கம்பெனியும் தூசியோடு படுத்திருக்கும். அங்கே ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு போனாக ஏற்றினேன். உடைந்த திரை, உப்பின பேட்டரி, மஞ்சளடித்த டிஸ்பிளே எல்லாவற்றிலும் என் மோட்டார் ஒரே மாதிரி, நிமிர்ந்து நின்றது. கட்டம் ஒன்றுகூட இல்லை. வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வைத்திருந்த போன்களில் எல்லாம் நான் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்ததைப் பாஷா பாய் வெகுநேரம் சகித்துக்கொண்டார். கல்லூரிப் பையன் ஒருவன் போன் வாங்க வந்து, இதில் என்னென்ன வசதி இருக்கிறது என்று கேட்டபோதுதான் அவர் பொறுமை இழந்தார்.

"எல்லாம் இருக்குதுபா. ஜல்தி எடுத்துக்க, இல்லன்னா இந்த சார் இதுலயும் கழனிக்குத் தண்ணி பாய்ச்சிடுவாரு."

பிரம்மதேசத்து வளைவுகள்

புதிய ஆப் வெளியே போனதும் முதல் புகார் பிரம்மதேசத்தில் இருந்து வந்தது. கோவிந்தன் என்கிற அந்த விவசாயி தன் போனின் எழுத்தையே மாற்றி வைத்திருந்தார். சில போன்களில் அப்படி ஒரு வசதி உண்டு. போனில் உள்ள அத்தனை எழுத்தும் சுழித்து, வளைந்து, வாலை நீட்டிக்கொண்டு கோலம்போல மாறிவிடும். அவருடைய போனில் மனைவியின் பெயரைப் படிக்கவே எனக்கு நேரம் பிடித்தது. எங்கள் குறிகள் மட்டும் அந்தத் திருவிழாவில் கலந்துகொள்ளாமல், பள்ளிக்கூடத்து மாணவர்போல வரிசையாக நின்றன. அவை எங்கள் எழுத்துருவிலிருந்து வருகிறவை, உங்கள் போன் சொல்வதைக் கேட்காது, கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும் என்று சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வூட்ல இருக்கற போன் எல்லாம் என் பேச்சக் கேக்குது. உங்க மோட்டார் ஒண்ணுதான் மொறச்சிகினு நிக்குது."

கத்தரிக்காய்

இது சின்னது. சில போன்களில், கண் மங்கியவர்களுக்காக எல்லா எழுத்தையும் தடிக்கச் செய்யும் ஓர் ஏற்பாடு உண்டு. என் எழுத்துருவில் தடித்த வடிவம் என்று தனியாக நான் செய்யவில்லை. செய்யாவிட்டால் போன் சும்மா இருக்காது, இருக்கிற மெல்லிய வடிவத்தின்மேலேயே மறுபடி மை பூசித் தடிக்கவைத்துவிடும். அதனால் ஒரு போனில், தண்ணீர் பாய்வதைக் காட்ட நான் வரைந்திருந்த துளி காம்போடு கூடிய வேறு ஏதோவாக உப்பிவிட்டது. தணிகாசலம் மேல்மலையனூரிலிருந்து அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பினார். நான் அன்றைக்கே தடித்த வடிவத்தையும் வரைந்து சேர்த்துக் கட்டினேன். அதற்குள் அவர் குரலில் ஒரு சேதி வந்துவிட்டது.

"தண்ணி பாயுதான்னு கேட்டா கத்திரிக்கா காட்டுது சார். அதுவும் காம்போட."

நடவுக்கு முந்தின நாள்

நாற்று தயாராகிவிட்டது. மறுநாள் காலை நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. அதற்குள் பெரிய வயலில் தண்ணீர் கட்டி, சாயங்காலம் டிராக்டர் விட்டு மண்ணைச் சேறாக்கிச் சேடை ஓட்ட வேண்டும். வயல் காய்ந்துகிடந்தால் நடவுப் பெண்கள் காத்திருக்க மாட்டார்கள், அடுத்தவர் வயலுக்குப் போய்விடுவார்கள். அந்தச் சமயத்தில் எல்லோருக்கும் நடவு. பிறகு நாற்று முற்றிவிடும். நாற்று முற்றினால் ஏழுமலை ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்காது.

செல்வியின் போனில் புதிய ஆப் இருந்தது. திறந்து பார்த்தால் எல்லாக் குறிகளும் முத்து முத்தாகத் தெரிந்தன. நானும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அன்றைக்கு ஆடித் தள்ளுபடியின் கடைசி வாரக் கூட்டம். கவுன்ட்டரில் போனைக் கையிலெடுத்துத் தடவிக்கொண்டிருந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவார். மேசைமேல் வைத்துக்கொள்ளலாம், திரை ஒளிர்ந்தால் ஓரக்கண்ணால் பார்க்கலாம். அதாவது ஆப்பைத் திறக்க முடியாது, திரையின் மேலிருந்து இறங்கி வரும் அறிவிப்பை மட்டும்தான் பார்க்க முடியும். அந்த அறிவிப்பில் நான் குறியையும் வயலின் பெயரையும் வைத்திருந்தேன்.

மதியம் கடைப் படிக்கட்டிலிருந்து போன் செய்தார். "சார், திரும்பக் கட்டம் வந்துட்டுது. கட்டம், பக்கத்துல பெரிய வயல்னு இருக்குது. கரண்ட்டு வந்துட்டுதா, மோட்டார் ஓடுதா, ஒண்ணும் புரியல. ஒவ்வொரு தடவையும் படிக்கட்டுக்கு ஓடியாந்து ஆப்பத் தொறந்து பாக்க முடியாது."

எனக்குப் புரிந்தது. அறிவிப்பை வரைவது எங்கள் ஆப் இல்லை, போன். நாங்கள் கட்டிக்கொண்டு போன சோற்றை எங்கள் இலையில்தான் பரிமாற முடியும். ஆப்புக்கு வெளியே என் மோட்டார் வெறும் புறம்போக்கு எண், பட்டா இல்லை. பாஷா பாயின் கடையில் அத்தனை போனிலும் ஆப்பைத் திறந்து பார்த்தேனே தவிர, ஒரு போனிலாவது அறிவிப்பு வரும்வரை உட்கார்ந்திருக்கவில்லை.

குறியை விட்டேன். அறிவிப்பில் தமிழிலேயே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். தமிழ் எல்லாப் போனிலும் இருக்கிறது. 'மோட்டார் இயங்கிக்கொண்டிருக்கிறது', 'மோட்டார் இயக்கம் நிறுத்தப்பட்டுள்ளது' என்று பிழையில்லாமல் எழுதி, செல்வியிடம் இருப்பது போன்ற ஒரு போனில் ஏற்றினேன். சின்னத் திரை. இடம் போதாமல் இரண்டையும் பாதியில் வெட்டிப் புள்ளி வைத்தது. 'மோட்டார் இய…' என்று ஓடும்போதும் வந்தது, நிற்கும்போதும் வந்தது. சம்பத் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"தமிழக் கொஞ்சம் கொறச்சிக்கய்யா, வயல் காயுது."

குறைத்தேன். 'ஓடுது', 'நிக்குது', 'கரண்ட் இல்ல' என்று எழுதினேன். என்னைப் படிக்கவைத்தவர்கள் மன்னிக்கட்டும். மூன்றும் முழுசாகத் தெரிந்தன. புதிய ஆப்பின் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். செல்வி சாப்பாட்டு நேரத்தில் அதை ஏற்றப்போக, இது ஆபத்தான ஆப்பாக இருக்கலாம் என்று போன் அவரை எச்சரித்தது. ஆபத்துன்னு சொல்லுதே சார் என்றார். அந்த ஆபத்து நான்தான், பரவாயில்லை, அழுத்துங்கள் என்றேன்.

கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடும்படி ஆப்பில் போட்டுவிட்டு அவர் கவுன்ட்டருக்குத் திரும்பினார். சம்பத் கீழே போகாமல் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் போல ஆகியிருக்கும், செல்வியிடமிருந்து ஒரு குரல் சேதி வந்தது. பின்னால் யாரோ மாம்பழக் கலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஓடுதுன்னு வந்துட்டுது சார். ஏன் சார், இத மொதல்லயே எழுதியிருக்கலாமே. எனக்குப் படிக்கத்தான் தெரியுமே."

வரப்பிலிருந்து ஒரு போன்

படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஆப் எழுதவில்லை என்று நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். நான்கு மோட்டார் வைத்திருப்பவருக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும், வெயிலில் கண் கூசும்போது எழுத்தைவிடக் குறி உதவும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. குறிகள் ஆப்புக்குள் இருக்கின்றன, அறிவிப்பில் தமிழ் இருக்கிறது. இரண்டும் அதனதன் வீட்டில் சௌக்கியம்.

நடவு நடந்து, பயிர் பச்சை பிடித்தபிறகு செல்வி ஒரு தடவை கூப்பிட்டார். அறிவிப்புச் சத்தத்தைக் குறைக்க வழி உண்டா, புடவை பார்க்க வருகிறவர்கள் திடுக்கிட்டுப் போகிறார்கள் என்று கேட்கத்தான். வழி சொன்னேன். குத்தகைப் பேச்சு என்ன ஆயிற்று என்று நானாகக் கேட்டேன்.

"அத இப்ப யாரும் எடுக்கறதில்ல சார். ஏழுமலைதான் தெனமும் போன் பண்ணிப் பேஜாரு பண்ணிக்கினு இருக்குது."

ஏழுமலையின் மோட்டாருக்கும் செல்வியின் மோட்டாருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். அதனால் திருவெண்ணெய்நல்லூர் வரப்பில் நின்றுகொண்டு, தன் வயலுக்குக் கரண்ட் வந்துவிட்டதா என்று விழுப்புரத்துப் புடவைக் கடைக்குப் போன் செய்து அண்ணியிடம் கேட்டுக்கொள்கிறார்.